ட்ராக்குக்கு என்ன கலர்? மாடல் டாங்கியின் செயினும், துரு பற்றிய ஒரு பழைய நம்பிக்கையும்

(எங்கள் ஒலி எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடில் ஹல், டரட் இரண்டுக்கும் பெயின்ட் அடிச்சு முடிச்சதோட நிறுத்தியிருந்தோம். அதுக்கப்புறம் உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "ட்ராக்குக்கு என்ன கலர் அடிக்கணும்?"

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு வரி. ட்ராக்னா டாங்கியோட சக்கரங்களைச் சுத்தி ஓடுற இரும்புப் பட்டை. நம்ம ஊர்ல பொக்லைன் ஓட்டுறவங்க இதைச் 'செயின்'னு சொல்லுவாங்க, அந்தப் பேருதான் பொருத்தமானதும் கூட. நிறைய இரும்புத் துண்டுகளை ஊசி போட்டுக் கோர்த்த சங்கிலிதான் அது. நாம பேசப்போறது 1/35 ஸ்கேல் மாடல்களைப் பத்தி. நிஜ வண்டியில 35 சென்டிமீட்டர்னா மாடல்ல ஒரு சென்டிமீட்டர்.

இப்போ கேள்விக்கு வருவோம். கடைக்குப் போனா 'ட்ராக் கலர்'னு பேர் போட்ட பாட்டிலே கிடைக்குது. வீடியோ பார்த்தா முழு ட்ராக்கையும் செங்கல் நிறத்துல துருப்பிடிக்க வைக்கிறாங்க. ரெண்டையுமே நான் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கச் சொல்லுவேன். ஒரு டாங்கி மாடல் செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகுது. பூட் பூட்டா உட்கார்ந்து ஹல்லுக்குக் கலர் ஏத்தின பிறகு, கடைசி ரெண்டு மணி நேரத்துல ட்ராக்கை ஆரஞ்சா அடிச்சு, ஓடுற டாங்கியைக் காயலான் கடைச் சாமானா ஆக்கிடுறோம். இது நடக்கிறதுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்ல. நாம நிஜ ட்ராக்கைப் பார்க்கிறதில்ல, இன்னொருத்தர் செஞ்ச மாடலைப் பார்த்துச் செய்யறோம். அவரும் இன்னொருத்தரைப் பார்த்துச் செஞ்சிருப்பார்.

அதனால இந்த எபிசோடுல தூரிகை கொஞ்சம் லேட்டாதான் வரும்.

இரும்பு எங்கே உரசுது?

உதாரணத்துக்கு ஒரே ஒரு டாங்கியை எடுத்துக்குவோம். சோவியத் யூனியனோட டி-34. 1943 ஜூலை, குர்ஸ்க் பகுதி. மாடல் பண்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டு அலமாரியில ஒரு டி-34 கட்டாயம் இருக்கும், அதனால இது நல்ல உதாரணம்.

டி-34 ட்ராக் 500 மில்லிமீட்டர் அகலம். நம்ம ஸ்கேல்ல 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல. தரையைத் தொடுற பக்கத்துல வாஃபிள் பிஸ்கட் மாதிரி கட்டம் கட்டமா மேடு இருக்கும். உள்பக்கம் ஓரளவு தட்டை. ஒரு துண்டு விட்டு ஒரு துண்டுல, உள்பக்கம் நடுவுல ஒரு கொம்பு நீட்டிக்கிட்டு நிற்கும். ஒவ்வொரு பக்கமும் அஞ்சு ஜோடி பெரிய சக்கரம். அந்தக் கொம்பு, ஜோடிச் சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில புகுந்து ஓடும். ட்ராக் பக்கவாட்டுல நழுவாம இருக்கிறது அதனாலதான். பின்பக்கம் இருக்கிற ஓட்டுச் சக்கரத்துக்கு வழக்கமான பல் கிடையாது. ரெண்டு வட்டத் தகடுக்கு நடுவுல உருளைகள் இருக்கும், அந்த உருளைகள் கொம்பைப் பிடிச்சுத் தள்ளிதான் வண்டியே நகருது.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, எது எதோட உரசுதுன்னு தெரிஞ்சுட்டா பெயின்டிங்ல பாதி முடிவு தானா வந்துடும். தரைப்பக்க மேடுகள் மண்ணோட உரசுது, அங்கே இரும்பு பளபளக்கும். உள்பக்கம் கொம்புக்கு ரெண்டு புறமும் சக்கரம் ஓடுற ரெண்டு நேர்க்கோடு, அங்கேயும் மெருகு இருக்கும். கொம்போட முன்முகமும் பின்முகமும் உருளையோட மோதுது, அங்கே தேய்மானம். மேடுகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல எதுவும் உரசாது, மண்ணுதான் அடைஞ்சிருக்கும்.

டி-34ல இன்னொரு வேடிக்கை இருக்கு. துண்டுகளைக் கோர்க்கிற ஊசிகளோட தலை உள்பக்கம், அதாவது ஹல்லைப் பார்த்து இருக்கும். அதை மறுபக்கம் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. ஓட ஓட ஊசி மெல்ல ஹல் பக்கமா வெளியே வரும். அதுக்கு என்ன பண்ணினாங்க? ஹல்லோட பின்பகுதியில சாய்வா ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் பண்ணி வெச்சாங்க. வெளியே வந்த ஊசித் தலை அதுல வந்து இடிச்சுத் தானா உள்ளே போயிடும். அப்போ அந்தச் சின்னத் தகடு எப்படி இருக்கும்? பெயின்ட் எல்லாம் போய்ப் பளிச்சுன்னு வெறும் இரும்பா இருக்கும். கிட்ல அந்தத் தகடு இருந்தா, பென்சில் நுனியால ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். பார்க்கிறவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் கவனிக்கலாம். கவனிக்கிற அந்த ஒருத்தர் உங்களை விட்டு நகர மாட்டார்!

நேர்ல பார்க்கணும்னா டாங்கியே வேணும்னு இல்ல. மெட்ரோ வேலையோ பாலம் வேலையோ நடக்கிற இடத்துல செயின் வெச்ச பொக்லைன் நிற்கும். பாதுகாப்பான தூரத்துல நின்னு போன்ல ஜூம் பண்ணிப் பாருங்க. வரப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற விளிம்புகள் வெள்ளி மாதிரி மின்னும். விளிம்புக்கு நடுவுல காய்ஞ்ச மண் கெட்டியா அப்பியிருக்கும். ஆரஞ்சு நிறத்தைத் தேடிப் பாருங்க, வண்டி தினமும் ஓடுதுன்னா ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

துருவுக்கு நேரம் வேணும்

இரும்பு துருப்பிடிக்கணும்னா ஈரமும் காற்றும் வேணும், கூடவே யாரும் தொந்தரவு பண்ணாத நேரமும் வேணும். ஓடுற ட்ராக்குக்கு இந்த மூணாவது கிடைக்கிறதே இல்ல. ராத்திரி மழையில நின்னா காலையில மெல்லிசா ஒரு ஆரஞ்சுப் படலம் வரும், உண்மைதான். ஆனா வண்டி கொஞ்ச தூரம் ஓடினாலே, மண்ணு உப்புத்தாள் மாதிரித் தேய்ச்சு உரசுற இடங்கள்ல இருக்கிற படலத்தை எடுத்துடும். மிச்சம் இருக்கிறது பள்ளத்துல, ஊசி மூட்டுல. அங்கேயும் நாள்பட்ட துரு ஆரஞ்சா இருக்காது. கருகின பழுப்பு, காபிக்கொட்டை நிறம்.

இரும்போட தன்மையும் ஒரு காரணம். பல டாங்கிகளோட ட்ராக் மாங்கனீசு எஃகுல வார்த்தது. 1882ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துல ராபர்ட் ஹேட்ஃபீல்டு உருவாக்கின எஃகு அது. சுமார் 12 சதவீதம் மாங்கனீசு. இதோட விசேஷம், அடிபட அடிபட மேற்பரப்பு இன்னும் கெட்டியாகும். ரயில் தண்டவாளம் பிரியற இடங்கள்லயும் கல் உடைக்கிற மெஷின்லயும் இன்னிக்கும் இதைப் பயன்படுத்துறாங்க. டாங்கி சக்கரம் ஏறி மிதிக்கிற இடம் கெட்டிப்பட்டு மெருகேறுறது இதனாலதான். (கூடுதல் தகவல்: இந்த எஃகுல காந்தம் ஒட்டாது.)

அப்போ செந்துரு எங்கேதான் வரும்? வரும், வேற இடத்துல. டி-34 ஆகட்டும், ஜெர்மன் பான்சர் ஆகட்டும், உபரி ட்ராக் துண்டுகளை ஹல் முன்னாடி மாட்டி வெச்சிருப்பாங்க. மாத்திப் போடவும் ஆச்சு, கூடுதல் கவசமாவும் ஆச்சு. அந்தத் துண்டு தரையில ஓடுறதில்ல, மழை வெயில் எல்லாம் வாங்கிக்கிட்டு சும்மா தொங்குது. அங்கே தாராளமா துரு போடுங்க. ஓடுற ட்ராக்ல அடர் பழுப்பும் இரும்பு மினுமினுப்பும், அதே வண்டியில தொங்குற துண்டுல செந்துரு. இந்த வித்தியாசத்தை மட்டும் காட்டிட்டாலே உங்க டாங்கி உயிரோட இருக்கிற மாதிரி தெரியும். இந்த எபிசோடுல இருந்து ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்குங்க.

அதே மாதிரி, கைவிடப்பட்ட வண்டி, எரிஞ்சு போன வண்டி, போருக்கு அப்புறம் வயல்ல மாசக்கணக்கா கிடக்கிற வண்டி இதெல்லாம் செய்யறீங்கன்னா முழுக்கத் துருப்பிடிக்க வைக்கலாம். ஆனா அப்போ ஹல்லும் சக்கரமும் அதே கதையைச் சொல்லணும். புத்தம் புது பச்சைப் பெயின்ட் ஹல்லுக்குக் கீழே பத்து வருஷத் துரு ட்ராக் ஓடக்கூடாது.

அருங்காட்சியகத்துல நிற்கிற டாங்கியைப் பார்த்துக் கலர் எடுக்காதீங்க. இங்கிலாந்தின் பாவிங்டன், நம்ம நாட்டுல அகமத்நகர்னு நல்ல டாங்கி மியூசியங்கள் இருக்கு, வடிவம் அளவெல்லாம் பார்க்க அருமையான இடங்கள். ஆனா ஒரே இடத்துல நிற்கிற வண்டியோட ட்ராக், ஓடுற ட்ராக் மாதிரி தேயாது. ஊர்ல நாற்சந்தியில நினைவுச்சின்னமா நிற்கிற டாங்கிகள்ல துருப்பிடிக்காம இருக்கட்டும்னு கறுப்புப் பெயின்ட்டையே அடிச்சு விட்டிருப்பாங்க. அதைப் பார்த்து 'ட்ராக்னா கறுப்பு'ன்னு முடிவு பண்ணினா போச்சு.

ரப்பர் வந்தா கதையே வேற

இதுவரைக்கும் சொன்னது முழு இரும்பு ட்ராக்குக்கு. அமெரிக்காவோட ஷெர்மன் டாங்கியை எடுத்தீங்கன்னா பல ட்ராக் வகைகள் இருக்கு. டி48 வகையில தரையைத் தொடுறதே ரப்பர்தான். ரப்பர் மேல வெள்ளிப் பெயின்ட் தேய்ச்சிருக்கிற ஷெர்மன்களை நான் கண்காட்சியில எத்தனையோ பார்த்திருக்கேன். கிட்டோட பெட்டியிலயே இது ரப்பர் ட்ராக், இது இரும்பு ட்ராக்னு போட்டிருந்தும் இது நடக்குது. ரப்பருக்கு அடர் சாம்பல், மேல தூசி, விளிம்புல கொஞ்சம் பிய்ஞ்ச தடம். இரும்பு தெரியறது ரெண்டு ஓரத்துலயும் துண்டுகளை இணைக்கிற கொக்கிகள்ல மட்டும். ஓட்டுச் சக்கரத்தோட பல் அந்தக் கொக்கியைத்தான் பிடிக்குது. ஆனா அதே ஷெர்மன் டி54இ1 மாதிரி இரும்பு ட்ராக்ல ஓடினா மறுபடி பழைய கணக்கு.

சக்கரத்துலயும் இந்தக் கேள்வி உண்டு. சக்கரத்துக்கு ரப்பர் டயர் இருந்தா, ட்ராக் உள்பக்கம் ஓடுற அந்தக் கோடு மங்கலான, அழுக்கு கலந்த மெருகா இருக்கும். இரும்பு விளிம்புச் சக்கரமா இருந்தா பளிச்சுன்னு இருக்கும். ஜெர்மனியோட டைகர்-1 முதல்ல ரப்பர் டயரோட வந்துது, 1944 தொடக்கத்துல இரும்புச் சக்கரத்துக்கு மாறினாங்க. டி-34லயும் 1942ல ரப்பர் தட்டுப்பாடு வந்தப்போ, வெளி விளிம்பு இரும்பாவே இருக்கிற சக்கரங்களைப் போட்டாங்க. அதனால நீங்க எடுத்திருக்கிற கிட் எந்த வருஷத்து வண்டி, எந்தச் சக்கரம்னு பார்த்துட்டு அப்புறம் உள்பக்கத்தைத் தொடுங்க.

பெயின்ட்டுக்கு முன்னாடி

கிட்ல ட்ராக் மூணு நாலு விதமா வருது. வளையுற வினைல் பட்டை, பிளாஸ்டிக் துண்டு துண்டா ஒட்டுறது, நிஜ சங்கிலி மாதிரி ஊசி போட்டுக் கோர்க்கிறது, உலோகத்துல வார்த்தது. வினைல்னா சோப்புத் தண்ணியில நல்லா கழுவிக் காய வைங்க. எண்ணெய்ப் பசை இருந்தா பெயின்ட் ஒட்டாது, வளைக்கும்போது தோல் தோலா உரியும். அதனால மெல்லிசா ரெண்டு மூணு கோட், அதுவும் ப்ரைமர் மேல.

உலோக ட்ராக்குக்குக் கறுக்க வைக்கிற திரவம் விற்குது. அதுல ஊற வெச்சா உலோகமே கறுத்துடும், அப்புறம் மேட்டை உப்புத்தாளால லேசா தேய்ச்சா நிஜ உலோகம் எட்டிப் பார்க்கும். இதைவிட நல்ல எஃபெக்ட் பெயின்ட்ல கிடைக்காது, ஒத்துக்கிறேன். விலைதான் கையைக் கடிக்கும். கையுறை போட்டுக்கிட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுச் செய்யுங்க.

டி-34க்கு மேல்பக்கம் தாங்குற சின்ன உருளைகள் கிடையாது. மேல ஓடுற ட்ராக் பெரிய சக்கரங்களோட தலையிலேயே உட்கார்ந்து, சக்கரத்துக்குச் சக்கரம் நடுவுல லேசா தொங்கும். வினைல் பட்டை வில்லு மாதிரி விறைச்சு நிற்குதுன்னா என்னதான் பெயின்ட் அடிச்சாலும் பொம்மைதான். சக்கரத்தோட ஒட்டி, பசை காயற வரைக்கும் ஃபெண்டருக்கும் ட்ராக்குக்கும் நடுவுல பஞ்சை அடைச்சு வைங்க.

எந்தப் பக்கம் உழைக்கணும்னும் முதல்லயே யோசிங்க. கீழ்ப்பகுதி தரையில மறைஞ்சுடும். டி-34ல மேல்பகுதியை ஃபெண்டர் மூடிடும். கண்ணுக்குத் தெரியறது முன்வளைவும் பின்வளைவும், பக்கவாட்டு விளிம்பும். ட்ராக் முழுக்க ஒரே மாதிரி பாடுபட வேண்டியதில்ல. அந்த ரெண்டு வளைவுக்கு ஒரு சாயங்காலம் முழுசா கொடுங்க.

கலர் ஏத்துறது

அடிப்படைக் கோட் சுத்தக் கறுப்பு வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். கறுப்பா அடிச்சா மேல போடுற நிழலுக்கு இடமே இருக்காது. நான் பரிந்துரைக்கிறது அடர் பழுப்புச் சாம்பல். டமியா பெயின்ட் வெச்சிருந்தா எக்ஸ்எஃப்-1 மேட் கறுப்பும், எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பும் ஏறக்குறைய சம அளவு, கூட ஜெர்மன் சாம்பல்னு வர்ற எக்ஸ்எஃப்-63 கொஞ்சம். அளவு துல்லியமா இருக்கணும்னு அவசியமே இல்ல. துண்டுக்குத் துண்டு லேசா மாறினா இன்னும் நல்லது.

இது காய்ஞ்ச பிறகு வாஷ். வாஷ்னா ரொம்ப நீர்த்த கலர், பள்ளத்துல போய்த் தேங்கும். விலை கொடுத்து பாட்டில் வாங்க முடியலைன்னா ஆயில் கலர் ட்யூப் போதும். பர்ன்ட் அம்பர் ஒரு பொட்டு, வாசமில்லாத தின்னர்ல கரைச்சு ஊசி மூட்டுல தொட்டு விடுங்க. நடுநடுவுல சில மூட்டுக்கு மட்டும் பர்ன்ட் சியன்னா. அதுதான் நம்ம துரு. இதோட நிறுத்திக்கணும். கை அரிக்கும், இன்னும் கொஞ்சம் போடலாம்னு தோணும். வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. துண்டு துண்டா ஒட்டின பிளாஸ்டிக் ட்ராக்ல தின்னர் வழிய வழிய ஊத்தினா, பெயின்ட் படாத இடத்துல பிளாஸ்டிக்குக்குள்ள புகுந்து விரிசல் விடும். ஒட்டின மூட்டே கையோட வந்துடும். தூரிகையில குறைவா எடுங்க, ஒரு ரவுண்டு முடிச்சுக் காய விட்டு அடுத்த ரவுண்டு.

சேறு ஒரே சேறா இருக்கணும்

இந்த எபிசோடுலயே எனக்குப் பிடிச்ச பகுதி இது. ட்ராக்கோட நிஜமான கலர் இரும்பும் இல்ல, துருவும் இல்ல. வண்டி கடைசியா எந்த மண்ணுல ஓடிச்சோ அந்த மண்ணு. குர்ஸ்க் கரிசல் பூமி. ஈரமா இருந்தா கிட்டத்தட்ட கறுப்பு, காய்ஞ்சா சாம்பல் கலந்த பழுப்பு. அதே 1943ல துனிசியாவுல ஓடின டைகருக்கு வெளிறின புழுதி. கலர் பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி, என் வண்டி எந்த ஊர்ல, எந்த மாசத்துல நிற்குதுன்னு ஒரு வரி எழுதி வெச்சுக்குங்க. பழைய போட்டோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அதுல கலர் தெரியாது. ஆனா எது வெளிச்சமா இருக்கு, எது இருட்டா இருக்கு, சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்குன்னு தெரியும். அது போதும்.

பொருள் என்னன்னா பிக்மென்ட் பொடி. ஸ்பெயின்ல மிக் ஹிமேனெஸ் மாதிரி மாடலர்கள் இந்தப் பொடிகளைப் பெரிய வியாபாரமாவே ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி, 1980கள்ல, பெல்ஜியத்தோட ஃபிரான்சுவா வெர்லிண்டன் பிரபலமாக்கின ட்ரை ப்ரஷ்தான் ராஜா. காய்ஞ்ச தூரிகையில வெளிறின கலரை எடுத்து மேட்டுல தேய்க்கிறது. ரெண்டுமே இன்னிக்கும் உதவும். பொடி வாங்க முடியலைன்னா சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாள்ல தேய்ச்சா பொடி ரெடி. ஆயில் பேஸ்டல் வாங்கிடாதீங்க, அது பசை மாதிரி அப்பும். தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்குங்க.

குறைஞ்சது மூணு நிறம் வேணும்: ஈர மண், காய்ஞ்ச மண், தூசி. பொடியைத் தூரிகையால பள்ளத்துல தட்டி விடுங்க. பிறகு ஒயிட் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டா விடுங்க, அது தானா பரவிப் பொடியை உட்கார வைக்கும். நனைஞ்சதும் அடர் நிறமா மாறும், பயந்துடாதீங்க, காய்ஞ்சதும் வெளுக்கும். காய்ஞ்ச பிறகு மேட்டுல இருக்கிறதை விரலாலயோ துணியாலயோ துடைச்சு எடுங்க. நிஜத்துல தரை செய்யற வேலையை இங்கே உங்க விரல் செய்யுது.

கெட்டிச் சேறு வேணும்னா பொடியோட கொஞ்சம் பிளாஸ்டரும் வெள்ளைப் பசையும் கலக்கலாம். ஆனா அளவு! மாடல்ல 3 மில்லிமீட்டர் கனத்துக்குச் சேறு அப்பினா நிஜத்துல அது பத்து சென்டிமீட்டருக்கு மேல. மழைக்கால உக்ரைன்னா சரி, கோடைக்காலத்துல ஓடினதுக்கு அது ரொம்ப அதிகம். வீட்டு மண்ணைச் சலிச்சுப் போடுறவங்களுக்கும் இதே கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மணல் துகள், நிஜத்துல மூணரை சென்டிமீட்டர் கல். சேறு முழுக்கக் கல்லா இருக்கும். துணியில வடிகட்டுற அளவுக்கு நைசா இருக்கணும்.

ட்ராக்ல போட்ட அதே மூணு நிறம்தான் சக்கரத்துலயும், ஹல் கீழ்ப்பகுதியிலயும், டயோராமா பண்றதா இருந்தா தரையிலயும் வரணும். ட்ராக்ல செம்மண், தரையில கரிசல்னா அந்த டாங்கி வேற ஊர்ல இருந்து பறந்து வந்ததா அர்த்தம். கண்காட்சியில நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான், பெயின்ட் நுணுக்கத்தை இல்ல.

கடைசியில்தான் இரும்பு

மினுமினுப்பை முதல்ல போட்டுட்டா மேல போடுற பொடி அதை விழுங்கிடும். அதனால அது கடைசி வேலை. வெள்ளிப் பெயின்ட் வேண்டாம், அது நகை மாதிரி தெரியும். 6பி பென்சில் எடுங்க. நுனியை உப்புத்தாள்ல தேய்ச்சுப் பொடியாக்கி, அதை விரல்ல தொட்டு வளைவுகள்ல இருக்கிற மேடுகள் மேல வழிச்சு விடுங்க. கிராஃபைட்டுக்கு இரும்போட அதே குளிர்ந்த மினுக்கு இருக்கு. கொம்போட முகத்துல பென்சில் நுனியையே நேரா வெச்சுத் தேய்க்கலாம். உள்பக்கக் கோட்டுக்கு, ரப்பர் டயர் வண்டின்னா பொடியை லேசா, இரும்புச் சக்கரம்னா அழுத்தி. ஓட்டுச் சக்கரத்தோட உருளைகளையும் மறந்துடாதீங்க. ட்ராக் மட்டும் தேய்ஞ்சு, அதைத் தேய்ச்ச சக்கரம் புதுசா இருந்தா இடிக்கும்.

இதுக்கு மேல வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீங்க. பொடியெல்லாம் மங்கி, கிராஃபைட் மினுக்கும் போயிடும். அதுக்குப் பதிலா ட்ராக்கைத் தொடாம மாடலை ஹல்லைப் பிடிச்சுத் தூக்கப் பழகிக்கிறதுதான் வழி.

ரெண்டு கேள்வி

ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஆவடியில தயாரான டி-72 அஜெயா செய்யறேன், ராஜஸ்தான் பாலைவனம். துரு எவ்வளவு?" ரொம்பக் குறைவு. காற்றுல ஈரம் கம்மி, மணலோ இரும்பைத் தேய்க்கிறதுல கில்லாடி. அடிப்படைக் கோட்டை வெளிறின பழுப்புச் சாம்பலா மாத்திக்குங்க, பள்ளம் முழுக்க மணல் நிறப் பொடி, தரையைத் தொடுற விளிம்புல கிராஃபைட் தாராளமா. ஈர மண் நிறமே தேவையில்ல. டி-72ல ஊசியைச் சுத்தி ரப்பர் உறை இருக்கு, மேல்பக்கம் தாங்குற உருளைகளும் இருக்கு. அதனால டி-34 மாதிரி தொங்க விடாதீங்க.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் கோபமாவே வந்தது: "நிஜத்துல எப்படி இருந்தா என்ன ப்ரோ? ஆரஞ்சுத் துரு கண்ணுக்கு அழகா இருக்கு, ஃபோட்டோவுல எடுப்பா இருக்கு." நியாயமான வாதம்தான். மாடலிங்கை ஓவியமா பார்க்கிறவங்க இருக்காங்க, அவங்க நிறத்தைக் கூட்டிக் காட்டுறது தெரிஞ்சே செய்யற தேர்வு. எனக்கு அதுல சண்டை இல்ல. என் சண்டை, தேர்வுன்னே தெரியாம அது நடக்கிறதோட. பச்சை ஹல்லுக்குப் பக்கத்துல கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம் வேணும்னு தோணினா, ஹல் முன்னாடி தொங்குற உபரித் துண்டு இருக்கே, அங்கே உங்க ஆசை தீர ஆரஞ்சு போடுங்க. கண்ணுக்கும் அழகு, வண்டிக்கும் பொருத்தம்.

இன்னிக்கு இவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோடுல எக்ஸாஸ்ட் குழாய். அங்கே சூட்டுல துரு வேற மாதிரி நடந்துக்கும். உங்க டி-34 முன்வளைவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஃபில்டர் போடாம.